ஒளிப்பதும் காப்பதும்

எங்கள் தாத்தா வீட்டில் மூன்று ரகசியங்கள் இருந்தன. இரும்புப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்பது ஒன்று. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது. தோட்டாக்கள் எங்கே இருக்கின்றன என்பது மூன்றாவது.

தென்காசிப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். மலையிலிருந்து இறங்கிவரும் காட்டுப் பன்றிகள் ஓர் இரவில் ஒரு வருஷத்துப் பாட்டை அழித்துவிட்டுப் போய்விடும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்து தாத்தா ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அது வெடித்து நான் கேட்டதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். சாவித் துவாரத்தின் வழியாக எண்ணெய் வாசனை மட்டும் வரும். எங்களுக்கு அதுவே பெரிய சாகசமாக இருந்தது.

இரும்புப் பெட்டி அரங்கு வீட்டில் இருந்தது. நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. நிலப் பத்திரங்களும், ஆச்சியின் நகைகளும், பழைய வெள்ளிக் கிண்ணங்களும் அதற்குள் இருந்ததாகச் சொல்வார்கள். அரங்கு வீட்டுக் கதவில் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று தொங்கும். ஆச்சிக்கு அந்தப் பூட்டின் சாவி உண்டு. பெட்டியின் சாவி கிடையாது. கேட்டால், "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அது ரகசியம் இல்லை" என்பார் தாத்தா.

இந்த மூன்று ரகசியங்களும் ஒரே இரவில், ஏறக்குறைய ஒரே நிமிஷத்தில், ஊர் முழுவதற்கும் தெரிந்துபோயின. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் கொஞ்சம் சரித்திரம் பார்க்கலாம். தாத்தா செய்த தவறை அவருக்கு முன்னால் எத்தனையோ பெரியவர்கள் செய்திருக்கிறார்கள் என்பதை, அவருடைய பேரன் என்ற முறையில், நான் எடுத்துச் சொல்லவேண்டும் அல்லவா?

*

பொருளைப் பத்திரப்படுத்த மனிதனுக்கு முதலில் கிடைத்த பெட்டி பூமிதான். அதற்குப் பூட்டு வேண்டாம். தீயும் அதனுள்ளே இறங்காது. செலவும் இல்லை, ஒரு மண்வெட்டி போதும்.

கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு பூமிக்குள்ளிருந்து ரோமாபுரி வெள்ளி நாணயங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் முதலிய சக்கரவர்த்திகளின் தலை பொறித்தவை. பிறகும் அதே ஊரில் இன்னும் நாணயங்கள் அகப்பட்டன. மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாகக் கடல் கடந்து வந்த காசு அது. யாரோ ஒரு வியாபாரி, ஏதோ ஓர் இரவில், யாருக்கும் தெரியாமல் புதைத்திருக்கிறான்.

அவன் சாமர்த்தியசாலி என்பதில் சந்தேகமில்லை. எந்தத் திருடனுக்கும் அந்த இடம் தெரியவில்லை. எந்தத் தீயும் அதைத் தொடவில்லை. 1,800 ஆண்டுகள் அந்தப் பணம் பத்திரமாக இருந்தது. ஒரே ஒரு குறைதான். அது அவனுக்கும் பயன்படவில்லை, அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் பயன்படவில்லை. நோயோ, யுத்தமோ, வெள்ளமோ அவனைக் கொண்டுபோயிருக்க வேண்டும். போகிற அவசரத்தில் ரகசியத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்படிப் புதைத்தவர்கள் இந்தத் தேசத்தில் எத்தனை பேர் இருந்திருந்தால் அதற்கென்று தனியாக ஒரு சட்டமே போட்டிருப்பார்கள்! 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அதே 1878-இல்தான் ஆயுதச் சட்டமும் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது அது. வெள்ளைக்காரர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. தெற்குச் சீமைக்கு இது புதிதல்ல. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு, டிசம்பர் மாதத்தில் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டுப் பாளையக்காரர் சீமையின் ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்துவிட்டார். ஆக, 1878-இல் சர்க்கார் ஒரே வருஷத்தில் நம் வீட்டுத் தரைக்கு அடியிலும் கை வைத்தது. சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியிலும் கை வைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் லைசென்ஸை ஒழிக்கவில்லை. ஒழிக்காததும் நல்லதுதான்.

*

புதைக்க மனமில்லாதவர்களின் சொத்துக்கு யார் காவல்? தென்பாண்டிச் சீமையில் அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. தலக்காவல், திசைக்காவல் என்று ஊருக்கும் நாட்டுக்கும் காவல்காரர்கள் உண்டு. அறுவடையில் அவர்களுக்கு ஒரு பங்கு. களவு போனால் அவர்கள் பொருளை மீட்டுத் தரவேண்டும். இல்லாவிட்டால் ஈடு கட்டவேண்டும். இந்த ஏற்பாட்டில் ஊழலும் இருந்தது. காவல் கூலி கொடுக்காத வீட்டில் காவல்காரனே களவாடிய கதைகளும் உண்டு. ஆனாலும் அதன் அடிப்படையைக் கவனியுங்கள். உன் பொருள் எங்கே இருக்கிறது என்பது இன்னொருவனுக்குத் தெரியும், தெரிந்தவனே பொறுப்பாளி. கம்பெனி ஆட்சி காவல் முறையை எடுத்துவிட்டுப் போலீஸைக் கொண்டுவந்தது. பொறுப்புக் காவல்காரனிடமிருந்து நழுவிப் பூட்டின் தலையில் விழுந்தது.

மண்சுவர் வீட்டில் கன்னக்கோலால் சுவரையே துளைத்து உள்ளே வருகிறவனுக்குக் கதவுப் பூட்டு ஒரு பொருட்டல்ல. ஆகவே பூட்டு பெட்டிக்குப் போயிற்று, பெட்டி இரும்பாயிற்று. அந்த இரும்பும் பூட்டும் பிரசித்தி பெற்ற இடம் லண்டன் மாநகரம். அங்கே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1784-இல் ஜோசப் பிராமா என்பவர் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு பிக்காடிலி வீதியில் இருந்த தம் கடையின் ஜன்னலில் அதைப்போன்ற ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, கள்ளச் சாவியாலோ கருவியாலோ இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். பிராமா 1814-இல் காலமானார். பூட்டு திறக்கப்படாமலே ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச் சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். அதைத் தொடர்ந்து 1818-இல் ஜெரமையா சப் என்பவர் இன்னொரு பூட்டைக் கொண்டுவந்தார். இந்தப் பூட்டு சாமானியமல்ல. கோள் சொல்லும் பூட்டு. தவறான சாவியால் யாராவது உள்ளே இருக்கும் நெம்புதகட்டைத் தேவைக்குமேல் உயர்த்திவிட்டால் அது அப்படியே சிக்கிக்கொள்ளும். சொந்தக்காரர் வந்து தம் சாவியைப் போடும்போது, "யாரோ என்னைத் தொட்டுப் பார்த்தார்கள்" என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இரண்டு பூட்டுகளையும் நம்பி இங்கிலாந்து நிம்மதியாகத் தூங்கியது. 1851-இல் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வியாபாரி வந்து சேர்ந்தார். சாட்சிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பெட்டக அறைக் கதவில் இருந்த சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். கோள் சொல்லும் தகட்டையே தமக்குத் துப்புச் சொல்ல வைத்துக்கொண்டார் என்பதுதான் அதில் வேடிக்கை. பிறகு பிராமா பூட்டுக்குப் போனார். 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்து, அதையும் திறந்துவிட்டார். அரை நூற்றாண்டு தொங்கிய பூட்டு அது! 200 கினி கை மாறியது.

லண்டன் பத்திரிகைகள் அமர்க்களப்பட்டன. பூட்டின் குறையை இப்படிப் பகிரங்கப்படுத்தலாமா, திருடர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது போல ஆகாதா என்று பலர் கேட்டார்கள். ஹாப்ஸ் கட்சி வேறு. திருடர்களுக்குத் தங்கள் தொழில் நன்றாகவே தெரியும். அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. பூட்டின் குறை தெரியாமல் இருப்பவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கும் யோக்கியர்கள் மட்டுமே என்பது அவர் வாதம். எனக்கு அவர் சொன்னதே நியாயமாகப் படுகிறது. ரகசியத்தை நம்பியிருந்த பாதுகாப்பு, ரகசியம் போனதும் போய்விட்டது. குறை தெரிந்த பிறகோ, பூட்டுத் தொழில் முன்னேற ஆரம்பித்தது.

*

திருடனாவது சத்தத்துக்குப் பயப்படுவான். தீ யாருக்குப் பயப்படும்? இரும்புப் பெட்டியைக் கண்டு அது சிரிக்கவே செய்யும். இரும்பு சூட்டைத் தாராளமாக உள்ளே விடும். பெட்டி அப்படியே நிற்கும். திறந்து பார்த்தால் உள்ளே பத்திரங்கள் அப்பளமாகப் பொரிந்திருக்கும். தங்கம் உருக 1,064 டிகிரி சூடு வேண்டும். உருகினாலும் அது தங்கம்தான். காகிதமோ 200 டிகிரி எட்டுவதற்குள்ளேயே நிறம் மாறிக் கருகத் தொடங்கிவிடும். கருகிய பத்திரத்தை எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளாது.

1835 டிசம்பரில் நியூயார்க் நகரத்தின் வியாபாரப் பகுதி எரிந்தது. குளிரில் குழாய்த் தண்ணீரே உறைந்துபோன இரவு அது. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் போயின. இரும்புப் பெட்டிகளை நம்பியிருந்த வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களும் போயின.

இதற்கு மருந்து அந்த நகரத்துக்குள்ளேயே இருந்தது. கானர் என்ற அச்செழுத்து வார்ப்பவர் ஒருவர், அந்தத் தீக்குச் சில ஆண்டுகள் முன்பே, தம் சொந்த உபயோகத்துக்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் இடையே பாரிஸ் சாந்து. நீர் சேர்ந்து இறுகிய அந்தச் சாந்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். வெளியே தீ எரிகிறபோது அந்தத் தண்ணீர் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறவரை பாத்திரம் கருகுவதில்லை. சுண்டின பிறகுதானே கருகுகிறது? அதே தத்துவம்தான். எங்கள் ஆச்சிக்குத் தெரிந்த பௌதிகம்.

கானர் அந்தப் பெட்டியைத் தம் கணக்கறையில் வைத்துக்கொண்டார். யாருக்கும் அதை விளக்கவில்லை, விற்கவும் இல்லை. 1838-இல் அது கைமாறி எங்கோ போய்விட்டது. 1843-இல் பிட்ஸ்ஜெரால்டு என்பவர் தாமாகவே அதே யோசனையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. கானர் முன்பே செய்துவிட்டாரே, பிட்ஸ்ஜெரால்டு எப்படிப் புதிதாகக் கண்டுபிடித்தவர் ஆவார் என்பது கேள்வி. 1850-இல் தீர்ப்புச் சொன்னார்கள்: கானரின் பெட்டி மறைந்து, மறந்தும் போயிருந்தால், அந்த அறிவை உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தவரே கண்டுபிடித்தவர்.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வெள்ளலூர் வியாபாரியின் ஞாபகம் வந்தது. அவன் காசைப் புதைத்தான். கானர் யோசனையைப் புதைத்தார். நியூயார்க் எரிந்த இரவிலும் அந்தப் பெட்டி அந்த ஊரில்தான் இருந்தது. ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருந்தால் எத்தனை பேருடைய ஜீவனம் பிழைத்திருக்கும்!

*

தீக்குத் தாங்கும் பெட்டி, திருடனுக்குத் தாங்குமா? அங்கேதான் சங்கடம். சாந்து அடைத்த மெல்லிய தகரப் பெட்டியைக் கடப்பாரைக்காரன் சீக்கிரம் உடைத்துவிடுவான். தடித்த எஃகுப் பெட்டி அவனுக்கு அடங்காது; தீக்கு அடங்கிவிடும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் விலையும் கனமும் ஏறும். அப்படியும் எந்தப் பெட்டியும் என்றென்றைக்கும் தாங்குவதில்லை. ஒரு மணி நேரம் தாங்கும், இரண்டு மணி நேரம் தாங்கும் என்றுதான் சோதித்து எழுதுகிறார்கள். பெட்டி வியாபாரி நமக்கு விற்பது நேரத்தைத்தான். அந்த நேரத்துக்குள் யாராவது வந்து சேரவேண்டும்.

துப்பாக்கி விஷயம் இன்னும் விசேஷமானது. காகிதத்துக்குத் தீயிடம் பயம். நகைக்குத் திருடனிடம் பயம். துப்பாக்கிக்குத் துருவிடமும் பயம். பத்திரத்தைக் காக்கிற அதே சாந்தின் ஈரம் துப்பாக்கிக் குழாயை அரித்துவிடும். ஆகவே எண்ணெய் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொருளைப் பக்கத்தில் வைத்து, அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டும். குண்டு போடாமல் வைக்கவேண்டும். தோட்டாவை வேறிடத்தில் பூட்டவேண்டும். தீயில் சும்மா கிடக்கும் தோட்டா வெடித்தால் அதன் கூடு சிதறிக் காயப்படுத்தும். துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டா சூட்டில் வெடித்தாலோ, விசையை இழுத்துச் சுட்டதற்கு அது சமானம். எதிரே யார் நிற்கிறார் என்று அது பார்க்காது.

இன்னொன்றும் உண்டு. நகை களவு போனால் நஷ்டம் நமக்கு மட்டும். துப்பாக்கி களவு போனால் நஷ்டம் யாருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வதாக லைசென்ஸ்காரரிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள். தேர்தல் காலத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

*

நம் தேசத்தில் இந்தத் தொழிலை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் பம்பாயைச் சேர்ந்த ஆர்தேஷிர் கோத்ரெஜ். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். 1897-இல் பூட்டுச் செய்ய ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் இரும்புப் பெட்டிக்கும் போனார். அவருடைய பெட்டிகளுக்கு மிகப் பெரிய பரீட்சை அவர் காலமான பிறகு வந்தது.

1944 ஏப்ரல் 14. 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் பம்பாய் விக்டோரியா துறையில் நின்றது. ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து, கராச்சியில் ஏற்றிய பஞ்சு மூட்டைகள், இவற்றோடு 124 தங்கப் பாளங்கள். தங்கத்தை இரும்புப் பெட்டகத்துக்குள் வைத்து மூடியிருந்தார்கள். அதைக் காப்பதில் எடுத்துக்கொண்ட அக்கறையில் ஒரு பங்கு, ஊரைக் காப்பதில் இல்லை. அபாயச் சரக்கு இருக்கிறதென்று காட்டும் சிவப்புக் கொடி கப்பலில் பறக்கவில்லை. யுத்த காலம்; எல்லாம் ரகசியம். பிற்பகலில் பஞ்சு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் ஓடிவந்து தண்ணீர் அடித்தார்கள். நான்கு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அரை மணியில் மறுபடியும் வெடித்தது. சிம்லாவிலிருந்த பூகம்ப மானிகூட அதிர்ந்ததாம். எண்ணூறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். இன்றைக்கும் ஏப்ரல் 14 தீயணைப்புப் படையினரின் நினைவு நாள்.

எரிந்த கட்டடங்களின் சாம்பலுக்குள் கோத்ரெஜ் பெட்டிகள் உள்ளிருந்த காகிதம் கருகாமல் கிடைத்தன என்று அந்த நிறுவனத்தார் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதைவிடப் பெருமையாகத் தோன்றுவது வேறொன்று. பெட்டகத்தில் இருந்த தங்கம் ஆகாயத்தில் பறந்தது அல்லவா? ஒரு பாளம் துறைமுகத்துக்குத் தொலைவில், ஒரு பார்ஸிக்காரர் வீட்டில் வந்து விழுந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டுபோய் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார். இரும்பு காக்கத் தவறியதை ஒரு மனிதர் காப்பாற்றிக் கொடுத்தார். கடலில் விழுந்த பாளங்களோ, பல ஆண்டுகள் கழித்தும் துறைமுகத்தைத் தூர்வாருகிறபோது அகப்பட்டன.

*

இனி எங்கள் தாத்தா கதைக்கு வரலாம்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஒரு பங்குனி இரவில், வீட்டுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் படப்பு பற்றிக்கொண்டது. அங்கிருந்து மாட்டுத் தொழுவத்துக் கூரை. அதற்கடுத்தது அரங்கு வீடு. ஊரே குடமும் வாளியுமாக ஓடிவந்தது. அரங்கு வீட்டுப் பூட்டை உடைத்து, உள்ளே புகுந்து உத்தரத்துக்குத் தண்ணீர் அடிக்கப் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் தயாராகிவிட்டார்கள்.

தாத்தா திண்ணையில் நின்றார். ஒரு விநாடி அவர் உதடு ஆடியதே தவிரச் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"ஏலே, நில்லுங்கலே! குலுக்கைக்குள்ள தோட்டா இருக்கு! நெல்லுக்கு அடியில தோட்டா இருக்கு! பக்கத்து மர அலமாரியில துப்பாக்கி! முதல்ல அதுகளை வெளியே எடுங்க!"

பையன்கள் குலுக்கையைக் கவிழ்த்து, நெல்லோடு நெல்லாகத் தோட்டாப் பெட்டியை வாரிக்கொண்டு வந்தார்கள். துப்பாக்கியும் வந்தது. "பெட்டி, அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார். "மாடக்குழிச் செங்கலுக்குப் பின்னால சாவி" என்றார் தாத்தா, அத்தனை பேர் முன்னிலையில். பத்திரங்களும் நகைகளும் ஒரு ஜமுக்காளத்தில் மூட்டையாகக் கட்டப்பட்டுக் கோயில் வாசலுக்குப் போயின. விடிவதற்குள் தீ அடங்கிவிட்டது. தொழுவம் போயிற்று. அரங்கு வீட்டுக்கு ஒரு பக்கத்து உத்தரம் மட்டும் கருகியது.

காலையில் ஆச்சி குலுக்கைப் பக்கத்தில் நின்று தாத்தாவைப் பார்த்தாள். "இருபது வருஷமா இது பக்கத்துல விளக்கு ஏத்திக்கிட்டு இருக்கேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தாத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

கோயில் வாசலில் கிடந்த மூட்டையில் ஒரு குன்றிமணி குறையவில்லை. அந்த வாரமே தாத்தா தென்காசிக்குப் போய்த் துப்பாக்கிக்கென்று பூட்டுள்ள எஃகு அலமாரி ஒன்று வாங்கினார்; தோட்டாவுக்கு வேறொரு சிறிய பெட்டி. சாவி இருக்குமிடத்தை ஆச்சிக்கும் என் பெரியப்பாவுக்கும் சொல்லிவைத்தார். சில வருஷங்கள் கழித்து அவர் ஒருநாள் உட்கார்ந்தபடியே காலமானபோது, யாரும் எதையும் தேடவேண்டி வரவில்லை. லைசென்ஸ் அவரோடு முடிந்துபோனதால், பெரியப்பா துப்பாக்கியையும் தோட்டாவையும் கணக்குப் பார்த்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அந்த இரும்புப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. என்னிடம் நகை அதிகமில்லை. வீட்டுப் பத்திரமும், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழும் உள்ளே இருக்கின்றன. சாவி எங்கே என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆனால் என் வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும்.